பிரான்சிஸ் வில்லியம் ஆஸ்டன்

பிரான்சிஸ் வில்லியம் ஆஸ்டன் (செப்டம்பர் 1, 1877 – நவம்பர் 20, 1945) இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். அணுக்களை அவற்றின் நிறைக்கு ஏற்பப் பிரித்துப் பதிவு செய்யும் நிறை நிறமாலை வரைவி என்னும் கருவியை 1919 ஆம் ஆண்டில் உருவாக்கினார். கதிரியக்கம் அற்ற தனிமங்கள் பலவும் வெவ்வேறு நிறையுள்ள ஓரிடத்தான்களின் (ஐசோடோப்புகளின்) கலவையே என்று இக்கருவியின் துணையால் நிறுவினார். இதற்காகவும் முழு எண் விதிக்காகவும் 1922 ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. உணவுக் கலப்படம், பூச்சிக்கொல்லி எச்சம், மருந்துகள், பாறைகளின் வயது முதலியவற்றைக் கண்டறியப் பயன்படும் நிறை நிறமாலையியல் என்னும் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஆஸ்டன் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை அடுத்த ஹார்போர்ன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஆஸ்டன் உலோக வணிகர். தாய் ஃபேனி சார்லட் ஹாலிஸ். பெற்றோருக்கு இவர் மூன்றாவது குழந்தை. ஹார்போர்னில் தொடக்கக் கல்வியும் மால்வர்ன் கல்லூரியில் பள்ளிக் கல்வியும் பெற்றார். 1893 ஆம் ஆண்டில் பர்மிங்காமில் இருந்த மேசன் கல்லூரியில் சேர்ந்தார். இக்கல்லூரியே 1900 ஆம் ஆண்டில் பர்மிங்காம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கு ஜான் ஹென்றி பாய்ண்டிங் இயற்பியலும், வில்லியம் டில்டன், பெர்சி ஃபிராங்லண்ட் ஆகியோர் வேதியியலும் கற்பித்தனர்.

சிறுவயது முதலே கைவேலையில் ஆஸ்டனுக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. தந்தையின் வீட்டிலேயே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டு தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார். கண்ணாடிக் குழாய்களை ஊதி வடிவமைப்பதிலும் தேர்ச்சி பெற்றார். பின்னாளில் அவர் அடைந்த வெற்றிகளுக்கு இத்தேர்ச்சியே அடிப்படையாக அமைந்தது. 1898 இல் உதவித்தொகை பெற்று, ஃபிராங்லண்டின் வழிகாட்டலில் டார்டாரிக் அமிலச் சேர்மங்களின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்தார்.

வடிப்பாலையில் வேதியியலாளர்

உதவித்தொகைக் காலம் முடிந்தபின் ஆஸ்டன் வருவாய்க்கு வழி தேட வேண்டியிருந்தது. நொதித்தல் வேதியியலைப் பயின்று, 1900 ஆம் ஆண்டில் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் இருந்த பட்லர் பீர் வடிப்பாலையில் வேதியியலாளராகப் பணியில் அமர்ந்தார். அங்கு மூன்று ஆண்டுகள் பணியாற்றினார்.

இக்காலத்தில் அறிவியல் உலகில் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டிருந்தன. எக்ஸ்-கதிர்கள் 1895 இலும், கதிரியக்கம் 1896 இலும், எதிர்மின்னி (எலக்ட்ரான்) 1897 இலும் கண்டறியப்பட்டிருந்தன. ஆஸ்டனின் நாட்டமும் வேதியியலில் இருந்து இயற்பியலுக்குத் திரும்பியது. 1903 இல் பணியை விட்டுப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பாய்ண்டிங்கிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். தாமே செய்த குழாய்களில் அழுத்தம் குறைந்த வளிமங்களை (வாயுக்களை) நிரப்பி அவற்றினூடே மின்சாரம் பாய்வதை ஆராய்ந்தார். ஹைட்ரஜன், ஹீலியம் ஆகிய வளிமங்களில் எதிர்மின்வாயை ஒட்டித் தோன்றும் மெல்லிய இருண்ட பகுதியை 1908 இல் கண்டறிந்தார். அது இன்றும் ஆஸ்டன் இருள்வெளி என்று அழைக்கப்படுகிறது.

1908 இல் தந்தை மறைந்தபின் ஆஸ்டன் உலகப் பயணம் மேற்கொண்டார். திரும்பியதும் பர்மிங்காமில் சிறிது காலம் விரிவுரையாளராக இருந்தார். பின்னர் ஜே. ஜே. தாம்சனின் அழைப்பை ஏற்று, கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வகத்தில் 1910 இல் பணியைத் தொடங்கினார்.

நியான் புதிர்

எதிர்மின்னியைக் கண்டறிந்த தாம்சன் அப்போது நேர்மின் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மின்னிறக்கக் குழாயில் உண்டாகும் நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்களே (அயனிகளே) இக்கதிர்கள் ஆகும். இவற்றை ஒரே இடத்தில் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உட்படுத்தினால், ஒத்த நிறையும் மின்னூட்டமும் கொண்ட அயனிகள் ஒளிப்படத் தட்டில் ஒரே பரவளைவுக் கோட்டில் வந்து விழும். வேகம் மிகுந்தவை ஒரு முனையிலும் குறைந்தவை மறுமுனையிலும் விழுவதால் ஒவ்வொரு கோடும் நீண்டும் மங்கலாகவும் இருக்கும்.

1912 இல் நியான் வளிமத்தை இவ்வாறு ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த 20 என்னும் நிறைக்குரிய கோட்டுக்கு அருகே 22 என்னும் நிறைக்குரிய மங்கலான கோடு ஒன்றும் தோன்றியது. நியானின் அணு எடையோ 20.2 என்று அறியப்பட்டிருந்தது. இரண்டாவது கோடு இதுவரை அறியப்படாத ஒரு வளிமத்துக்கோ, நியானும் ஹைட்ரஜனும் இணைந்த ஒரு சேர்மத்துக்கோ உரியதாக இருக்கலாம் என்று தாம்சன் கருதினார்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பணி ஆஸ்டனிடம் வந்தது. திரவக் காற்றால் குளிர்வித்த கரியைக் கொண்டு பிரிக்க முயன்றார். அம்முயற்சி பயன் தரவில்லை. பிறகு, நுண்துளைகள் உள்ள களிமண் குழாய்களின் வழியே நியானைத் திரும்பத் திரும்பக் கசியவிட்டார். எடை குறைந்த அணுக்கள் சற்று விரைவாகக் கசியும் என்பது இம்முறையின் அடிப்படை. பல்லாயிரம் முறை செய்யப்பட்ட இவ்வேலையின் முடிவில் கிடைத்த இரு பகுதிகளின் அணு எடை 20.15, 20.28 என இருந்தது. மிகச் சிறிதளவு வளிமத்தின் அடர்த்தியை அளப்பதற்காகவே படிகக்கல்லால் (குவார்ட்சால்) ஆன நுண்தராசு ஒன்றையும் அவர் செய்திருந்தார். 1913 இல் பர்மிங்காமில் கூடிய பிரித்தானிய அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் இம்முடிவை அறிவித்தார். நிறை மிகுந்த பகுதிக்கு மெட்டாநியான் என்று பெயரும் இட்டிருந்தார்.

அதே ஆண்டில், கதிரியக்கத் தனிமங்களை ஆராய்ந்த ஃபிரடெரிக் சாடி, வேதிப் பண்புகளால் வேறுபடுத்த இயலாத, நிறையால் மட்டும் வேறுபடும் அணுக்களுக்கு ஐசோடோப்பு என்று பெயர் சூட்டினார். நியானும் இத்தகையதா என்பதற்குத் தெளிவான சான்று அப்போது இல்லை. 20.15 க்கும் 20.28 க்கும் இடையிலான வேறுபாடு, ஐயம் கொள்வோரை ஏற்கச் செய்யப் போதுமானதாக இருக்கவில்லை.

போர்க்காலம்

1914 இல் முதல் உலகப் போர் தொடங்கியதால் இவ்வாய்வு தடைபட்டது. ஆஸ்டன் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். விமானச் சிறகுகளைப் போர்த்தும் துணிகளுக்கான மேற்பூச்சுகளை ஆராய்வது அவருடைய வேலையாக இருந்தது. 1914 இல் சோதனை விமானம் ஒன்று விழுந்த விபத்தில் அவர் உயிர் தப்பினார்.

ஃபார்ன்பரோவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஃபிரடெரிக் லிண்டமனுடன் அவர் நியானைப் பற்றி நெடிது விவாதித்தார். ஐசோடோப்பு விளக்கத்தை லிண்டமன் எளிதில் ஏற்கவில்லை. இவ்விவாதங்கள் ஆஸ்டனுக்குத் தம் கருத்தின் வலுவற்ற இடங்களைக் காட்டின. நியானைப் பிரிப்பதைவிட, அதன் அணுக்களை ஐயத்துக்கு இடமின்றி அளக்கும் கருவியே தேவை என்னும் முடிவுக்கு அவர் வந்தார். இருவரும் ஐசோடோப்புகளைப் பிரிக்கும் வழிகளைப் பற்றி 1919 இல் கூட்டாகக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர்.

நிறை நிறமாலை வரைவி

போர் முடிந்து கேவண்டிஷ் ஆய்வகத்துக்குத் திரும்பிய ஆஸ்டன் 1919 ஆம் ஆண்டில் புதிய கருவியை உருவாக்கினார். அதன் செயல்முறை பின்வருமாறு:

1. மின்னிறக்கக் குழாயில் ஆய்வுக்குரிய வளிமம் அயனிகளாக்கப்படுகிறது.
2. அயனிகள் அடுத்தடுத்துள்ள இரண்டு மிகக் குறுகிய பிளவுகளின் வழியே சென்று மெல்லிய கற்றையாகின்றன.
3. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே உள்ள மின்புலம் கற்றையை ஒரு பக்கமாக வளைக்கிறது. வேகம் குறைந்த அயனிகள் மிகுதியாகவும் வேகம் மிகுந்தவை குறைவாகவும் வளைவதால் கற்றை விரிகிறது.
4. அடுத்துள்ள காந்தப்புலம் கற்றையை எதிர்ப்பக்கமாக வளைக்கிறது. இதனால், ஒத்த நிறையுள்ள அயனிகள் வேகத்தில் வேறுபட்டிருந்தாலும் ஒரே இடத்தில் குவிகின்றன.
5. குவியும் இடத்தில் வைக்கப்பட்ட ஒளிப்படத் தட்டில் ஒவ்வொரு நிறைக்கும் ஒரு கூரிய கோடு பதிவாகிறது.

தாம்சனின் கருவியில் நீண்டு மங்கிய வளைவாகத் தெரிந்தது ஆஸ்டனின் கருவியில் ஒரே கோடாகச் சுருங்கியது. முப்பட்டகம் ஒளியை நிறங்களாகப் பிரிப்பதுபோல் இக்கருவி அணுக்களை நிறைவாரியாகப் பிரித்ததால் நிறை நிறமாலை என்னும் பெயர் ஏற்பட்டது. முதற்கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் அளக்க வல்லதாக இருந்தது. ஏறத்தாழ இதே காலத்தில் சிகாகோவில் ஆர்தர் டெம்ப்ஸ்டர் வேறொரு முறையில் நிறை நிறமாலைமானி ஒன்றை உருவாக்கினார்.

நியான் தட்டில் 20, 22 ஆகிய இரண்டு கோடுகள் தெளிவாகப் பதிவாயின. 20.2 என்னும் இடத்தில் கோடு எதுவும் இல்லை. குளோரினின் அணு எடை 35.46 என்று வேதியியலாளர்கள் மிகக் கவனமாக அளந்திருந்தனர். ஆனால் தட்டில் 35, 37 ஆகிய இடங்களிலேயே கோடுகள் இருந்தன. அதாவது 20.2 நிறையுள்ள நியான் அணுவோ 35.46 நிறையுள்ள குளோரின் அணுவோ உலகில் இல்லை. வேதியியலாளர்கள் அளந்தவை கோடானுகோடி அணுக்களின் சராசரி மட்டுமே.

இம்முடிவு உடனே எல்லோராலும் ஏற்கப்படவில்லை. 1921 இல் அரச கழகத்தில் (ராயல் சொசைட்டியில்) நடைபெற்ற விவாதத்தில் தாம்சனே குளோரின் கோடுகளைப் பற்றித் தயக்கம் தெரிவித்தார். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தனிமங்களின் தட்டுகள் வெளிவந்தபோது ஐயங்கள் அகன்றன.

முழு எண் விதி

ஆக்சிஜனின் நிறையை 16 என்று கொண்டால் ஏனைய ஐசோடோப்புகளின் நிறைகள் ஏறத்தாழ முழு எண்களாக அமைகின்றன என்பதை ஆஸ்டன் கண்டார். இதுவே முழு எண் விதி எனப்படுகிறது. எல்லாத் தனிமங்களும் ஹைட்ரஜனால் ஆனவை என்று 1815 இல் வில்லியம் புரௌட் முன்வைத்த கருத்து, பின்னவெண் அணு எடைகளின் காரணமாகக் கைவிடப்பட்டிருந்தது. நூறாண்டு கழித்து, அப்பின்னங்கள் கலவையால் விளைந்தவை என்பது தெளிவானதும் அணுக்கள் யாவும் பொதுவான கூறுகளால் ஆனவை என்னும் எண்ணம் மீண்டும் வலுப்பெற்றது.

ஆனால் ஹைட்ரஜன் மட்டும் இவ்விதிக்கு அடங்கவில்லை. அதன் நிறை 1 அன்று, 1.008 ஆகும். நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறை 4.032 ஆக இருக்க, ஒரு ஹீலியம் அணுவின் நிறையோ ஏறத்தாழ 4 தான். எனவே ஹைட்ரஜன் ஹீலியமாக மாறினால் நிறையில் ஏறத்தாழ 0.8 விழுக்காடு மறைய வேண்டும். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி மறையும் நிறை ஆற்றலாக வெளிப்பட வேண்டும். 1920 இல் கார்டிஃப் நகரில் நடைபெற்ற பிரித்தானிய அறிவியல் சங்கக் கூட்டத்தில் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் ஆஸ்டனின் இவ்வளவீட்டை அடிப்படையாகக் கொண்டு, விண்மீன்களின் ஆற்றலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றார். ஞாயிறு எவ்வாறு எரிகிறது என்ற கேள்விக்கான விடையின் தொடக்கம் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தின் ஒளிப்படத் தட்டு ஒன்றில் கிடைத்தது.

ஆஸ்டன் 1925 இல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் இரண்டாம் கருவியை உருவாக்கினார். 1937 இல் இன்னும் நுட்பமான மூன்றாம் கருவியை நிறைவு செய்தார். ஒவ்வோர் அணுவும் முழு எண்ணில் இருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைப் பொதிவுப் பின்னம் என்னும் அளவால் 1927 இல் குறித்தார். எடை குறைந்த அணுக்களில் மிகுந்தும், இரும்பை ஒட்டிய அணுக்களில் மிகக் குறைந்தும், மிகக் கனமான அணுக்களில் மீண்டும் உயர்ந்தும் செல்லும் அவருடைய வரைபடம், அணுக்கரு இணைவிலும் பிளவிலும் ஆற்றல் வெளிப்படுவதற்கான காரணத்தைக் காட்டுகிறது.

ஒரு பிழையும் அதன் பயனும்

1927 இல் ஆஸ்டன் ஹைட்ரஜனின் நிறை 1.00778 என்று அறிவித்தார். இது வேதியியலாளர்களின் அணு எடையுடன் நன்கு பொருந்தியது. ஆனால் 1929 இல், ஆக்சிஜனிலும் 17, 18 நிறையுள்ள ஐசோடோப்புகள் சிறிதளவு கலந்துள்ளன என்பது கண்டறியப்பட்டது. ஆஸ்டனின் அளவுகோல் 16 நிறையுள்ள ஆக்சிஜனை மட்டும் சார்ந்தது. வேதியியலாளர்களின் அளவுகோலோ கலவையைச் சார்ந்தது. இரு அளவுகோல்களும் வெவ்வேறானவை என்றான பிறகு இரண்டிலும் ஒரே எண் வருவது பொருந்தாது.

இதைச் சரிசெய்ய வேண்டுமானால் ஹைட்ரஜனிலும் கனமான ஐசோடோப்பு ஒன்று கலந்திருக்க வேண்டும் என்று 1931 இல் பெர்ஜ், மென்சல் ஆகிய இருவரும் கணித்தனர். அதே ஆண்டில் ஹெரால்டு யூரி அதைத் தேடி டியூட்டிரியத்தைக் கண்டறிந்தார். 1934 இல் நோபல் பரிசும் பெற்றார். 1935 இல் ஆஸ்டன் மீண்டும் அளந்தபோது ஹைட்ரஜனின் நிறை ஏறத்தாழ 1.0081 என்று வந்தது. முந்தைய அளவீடு பிழையானது என்பது தெரிந்தது. கணிப்புக்கு அடிப்படை இல்லாமற் போயிற்று. ஆனால் டியூட்டிரியம் உண்மையாகவே இருந்தது. தம் அளவீட்டைத் தாமே திருத்தி வெளியிட்டவர் ஆஸ்டன் என்பது குறிப்பிடத்தக்கது.

அணு ஆற்றல் பற்றிய எச்சரிக்கை

1922 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆஸ்டன் நோபல் உரை ஆற்றினார். 1921 ஆம் ஆண்டுக்குரிய பரிசைப் பெற்ற சாடியும் அதே நாளில் உரையாற்றினார். அணுவில் அடங்கிய ஆற்றல் மனிதர் கைக்கு எட்டும் நாள் வரக்கூடும் என்றும், அது கட்டுப்பாட்டை மீறினால் புவியில் உள்ள ஹைட்ரஜன் முழுவதும் ஒரே நேரத்தில் மாற்றம் அடைந்து பேரழிவு விளையலாம் என்றும் ஆஸ்டன் அவ்வுரையில் குறிப்பிட்டார். 1936 இல் ஆற்றிய மற்றோர் உரையிலும் இவ்வாற்றல் விடுவிக்கப்படுவதைத் தடுக்க இயலாது என்றும், அதை மனிதர் அண்டை வீட்டாரை அழிக்கப் பயன்படுத்தாதிருக்க வேண்டும் என்றும் கூறினார்.

1931 இல் யுரேனியத்தை ஆராய்ந்தபோது அவருடைய தட்டில் 238 என்னும் கோடு மட்டுமே தெரிந்தது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள யுரேனியம்-235 ஐ 1935 இல் டெம்ப்ஸ்டர் கண்டறிந்தார். 1940 இல் ஆல்ஃபிரட் நீர் நிறை நிறமாலைமானியால் அதைச் சிறிதளவு பிரித்தெடுத்தார். மெதுவான நொதுமிகளால் (நியூட்ரான்களால்) பிளவுறுவது யுரேனியம்-235 தான் என்பது அம்மாதிரியால் உறுதியாயிற்று. இதே கொள்கையில் அமைந்த மாபெரும் கருவிகள் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் நிறுவப்பட்டு, ஹிரோசிமாவில் வீசப்பட்ட குண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டப் பயன்பட்டன. ஆஸ்டன் அந்நிகழ்வுக்குப் பின் நான்கு மாதங்களுக்கும் குறைவாகவே உயிர்வாழ்ந்தார்.

தனி வாழ்க்கை

ஆஸ்டன் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1920 முதல் இறக்கும் வரை டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராக இருந்து அங்கேயே வாழ்ந்தார். ஆய்வகத்தில் பெரும்பாலும் தனித்தே பணிபுரிந்தார். பனிச்சறுக்கு, மிதிவண்டி, டென்னிஸ், ஒளிப்படக்கலை ஆகியவற்றில் ஆர்வம் கொண்டிருந்தார். பியானோ, வயலின், செல்லோ ஆகிய இசைக்கருவிகளை வாசிப்பார். முழு ஞாயிறு மறைப்பைக் காண 1925 இல் சுமாத்திரா, 1932 இல் கனடா, 1936 இல் ஜப்பான் ஆகிய இடங்களுக்குச் சென்ற குழுக்களில் இடம்பெற்றார். தம் சொத்தின் பெரும்பகுதியை டிரினிட்டி கல்லூரிக்கு விட்டுச் சென்றார்.

விருதுகளும் சிறப்புகளும்

* 1921 – அரச கழக உறுப்பினர்
* 1922 – ஹியூஸ் பதக்கம்
* 1922 – வேதியியலுக்கான நோபல் பரிசு
* 1938 – அரச பதக்கம்
* நிலவில் உள்ள பள்ளம் ஒன்றுக்கு ஆஸ்டன் எனப் பெயரிடப்பட்டுள்ளது.

ஐசோடோப்புகள் (1922), நிறை நிறமாலைகளும் ஐசோடோப்புகளும் (1933) ஆகியவை இவருடைய முதன்மையான நூல்கள். இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளுள் 212 ஐ இவர் அடையாளம் கண்டார்.

பின்னாளைய பயன்பாடுகள்

ஆஸ்டனின் நோக்கம் அணுக்களை எடையிடுவது. பின்வந்தோர் அதே கொள்கையை மூலக்கூறுகளுக்கும் விரிவுபடுத்தினர். மூலக்கூறு ஒன்றை அயனியாக்கும்போது அது உடைந்து சிறு துண்டுகளாகிறது. அத்துண்டுகளின் நிறைகள் அம்மூலக்கூறுக்கே உரிய கைரேகை போல அமைகின்றன. 1940களில் பெட்ரோலியத் தொழிலில் இம்முறை பரவலாகப் பயன்பட்டது. 1950களின் நடுவில் ஃபிரெட் மெக்லாஃபர்ட்டியும் ரோலண்ட் கோல்கியும் வளிம நிறப்பகுப்பியலுடன் நிறை நிறமாலைமானியை இணைத்தனர். முதற்கருவி கலவையின் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்ப, இரண்டாவது அவற்றை இனங்காண்கிறது. காய்கறிகளில் உள்ள பூச்சிக்கொல்லி எச்சங்களைக் கண்டறிய இவ்விணைப்பு இன்றும் பயன்படுகிறது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை உடையாமல் அயனியாக்கும் முறைகளுக்காக ஜான் ஃபென், கோய்ச்சி தனாக்கா ஆகியோர் 2002 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

உணவுச் சோதனையில் ஐசோடோப்பு விகிதமும் பயன்படுகிறது. இயற்கைக் கார்பனில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு 13 நிறையுள்ளது. கரும்பும் சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை, தேனீக்கள் நாடும் பெரும்பாலான செடிகளின் முறையில் இருந்து வேறுபட்டது. அதனால் கரும்புச் சர்க்கரையில் கார்பன்-13 இன் விகிதம் தேனில் உள்ளதைவிடச் சற்று மிகுதி. இவ்வேறுபாடு ஆயிரத்தில் ஏறத்தாழ 15 பங்கே ஆயினும், கலப்படத்தைக் காட்ட அது போதுமானது. 

2008 இல் சீனாவில் பால் மாவில் மெலமைன் கலக்கப்பட்டது. அதனால் ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். வழக்கமான புரதச் சோதனை பாலில் உள்ள மொத்த நைட்ரஜனை மட்டுமே அளக்கும். நைட்ரஜன் மிகுந்த மெலமைனைச் சேர்த்தபோது, நீர் கலந்த பாலும் புரதம் நிறைந்ததாகத் தோன்றியது. நிறை நிறமாலைமானியோ 126 நிறையுள்ள அம்மூலக்கூறைத் தனியே காட்டியது. மொத்தத்தை அளக்கும் சோதனைக்குப் புலப்படாத ஒன்றைத் தனித்தனியே எடையிடும் கருவி வெளிப்படுத்தும் என்பதே 1919 இல் குளோரின் தட்டு காட்டிய உண்மையும் ஆகும்.

மறைவு

ஆஸ்டன் 1945 நவம்பர் 20 அன்று கேம்பிரிட்ஜில் தமது 68 ஆம் அகவையில் காலமானார்.